ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் புல்லி

டீசல் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. காதுக்குத் தாளம் தப்பாமல் ஓடுவதாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் அது பாய்கிறது, தளர்கிறது, மறுபடி பாய்கிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்பு நிகழும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 27 உதை. ஒவ்வோர் உதைக்கும் கிராங்க் முன்னால் எகிறும். அடுத்த சிலிண்டர் காற்றை நெருக்கும் நேரத்தில் தயங்கும். பெட்ரோலைவிட டீசலில் காற்றை மிக அதிகமாக நெருக்கவேண்டியிருப்பதால் பாய்ச்சலும் பெரிது, தயக்கமும் பெரிது.

இந்தக் கிராங்கோடு ஒரு ரப்பர் பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறது, பேட்டரிக்கு மின்சாரம் செய்துகொடுக்கும் ஆல்டர்நேட்டர். அதன் வயிற்றுக்குள் இருக்கும் ரோட்டர், இரும்பும் செம்பும் சேர்ந்த கனமான உருளை. முன்னால் இருக்கும் புல்லி சின்னது என்பதால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ரோட்டர் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றிவிடும். இங்கே ஒரு கணக்கு உண்டு. வேகம் மூன்று மடங்கு என்றால், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முயலும் கிராங்குக்கு அந்த ரோட்டரின் கனம் ஒன்பது மடங்காகத் தெரியும். பெல்ட்டில் தொங்கும் ஏ.சி. கம்ப்ரஸரோ, பவர் ஸ்டியரிங் பம்போ இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. கிராங்க் தயங்கும்போது ரோட்டர் தயங்க மறுக்கிறது. தன் வேகத்திலேயே ஓடப் பார்க்கிறது. நடுவில் அகப்பட்டு இழுபடுவது பெல்ட். அது வழுக்கும், அடித்துக்கொள்ளும், கீச்சிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் நிற்காமல் ஆடும்.

இதற்கு 1990-களில் கார்களுக்குள் வந்த விடைதான் கிளட்ச் புல்லி. மோட்டார் வாகனத்துக்குள் நான் மிக அதிகமாக ரசிக்கும் பொருள் எது என்று கேட்டால் டர்போவையோ இன்ஜெக்டரையோ சொல்லமாட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் புல்லியைத்தான் சொல்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் உட்காரும் வரிப்பள்ளங்கள் கொண்ட சாதாரண இரும்பு வளையம். உள்ளே இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவில் ஊசி ஊசியாக உருளைகள், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சிறு சரிவு, உருளையைச் சரிவின் குறுகலான பக்கம் மெல்லத் தள்ளும் ஸ்பிரிங். வெளிவளையம் இன்ஜின் திசையில் முன்னேறினால் உருளைகள் சரிவில் ஏறி இறுகி, உள்வளையத்தைக் கவ்விக்கொள்ளும். வெளிவளையம் தயங்கினால் உருளைகள் இறங்கிவிடும்; ரோட்டர் தன்பாட்டுக்கு ஓடும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே ஏற்பாடுதான். வேறுபாடு, சைக்கிள்காரர் எப்போதாவது மிதிப்பதை நிறுத்துகிறார். இந்தப் புல்லியோ நொடிக்கு இருபத்தேழு முறை பிடித்து, இருபத்தேழு முறை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு விடுதலையால் பெல்ட் அமைதியாகிவிடுகிறது. பெரிய விசையைப் பெரிய இரும்பால் எதிர்க்காமல், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்த மூளையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி, இந்தப் பொருளை அறிந்தவர்களைப் பற்றி. நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்கு ஒருநாள் டாக்ஸி இனோவா ஒன்று வந்தது. 2005 முதல் 2016 வரை விற்ற, 2,494 சி.சி. டீசல் இன்ஜின் கொண்ட பழைய இனோவா. மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக நின்றுவிட்டது. டிரைவர் பதறிப்போயிருந்தார். "அண்ணே, டைனமோ போயிடுச்சு. புதுசே போட்டுருவோம், நாளைக்குக் காலைல ஏர்போர்ட் சவாரி இருக்கு" என்றார். எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கியபடியே, "இருப்பா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். சார்ஜ் ஏறினால் 14 வோல்ட் அருகே காட்டவேண்டும். 12-க்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. பெல்ட் அறுபடவில்லை, ஆல்டர்நேட்டர் புல்லியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பலரும் இந்த இடத்தில் 'மிஷின் அவுட்' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவர் டார்ச்சை எடுத்து ஆல்டர்நேட்டரின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே அடித்தார். எனக்கும் காட்டினார். வெளியே புல்லி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கிறது. உள்ளே விசிறியோ சுணங்கிச் சுணங்கி, அதன் இதழ்களை எண்ணிவிடலாம் என்னும்படி திரும்பிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் செய்யும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. உருளைகள் தேய்ந்து கவ்வுவதையே மறந்துவிட்டன.

இன்ஜினை அணைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு ஸ்குரூ டிரைவரைத் துளைக்குள் விட்டு விசிறியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு, புல்லியை இரண்டு திசையிலும் கையால் திருப்பினார். நல்ல புல்லி ஒரு திசையில் உடனே பிடிக்கும். மறு திசையில் லேசான எதிர்ப்போடு வழுவழுவென்று சுற்றும். இரண்டு பக்கமும் பிடித்தால் உள்ளே இறுகிவிட்டது. பெல்ட் சத்தமும் டென்ஷனர் ஆட்டமும் அதனால் வரும். இரண்டு பக்கமும் சுற்றினால் சார்ஜே ஏறாது. இது இரண்டாவது வகை. சோதனை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிரைவரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

கைவேலையில் உயர்ந்தது எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தேய்ந்தது எது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதை மட்டும் தொடுவதுதான் வித்தை. முழு ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் புதிது மாட்ட ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

புல்லியைக் கழற்றுவதும் பார்க்க அழகான வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியாகவேண்டும். சாவி அணைத்திருந்தாலும் ஆல்டர்நேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரில் எந்நேரமும் மின்சாரம் நிற்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு புல்லியின் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தால் உள்வளையத்தில் வெட்டிய பற்கள் தெரியும். வெளிவளையத்தைப் பிடித்துத் திருகிப் பயனில்லை, அது நழுவத்தான் பிறந்தது. பல் வெட்டிய சாக்கெட்டை உள்வளையத்தில் இறக்கி, அதன் நடுத்துளை வழியாக நட்சத்திர பிட்டை விட்டு ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளும் எதிரெதிராக இயங்கவேண்டும். இந்தச் செட் இல்லாதவர்கள் சுத்தியலையும் உளியையும் தேடுகிறார்கள். அங்கே வண்டி விடவேண்டாம். புதியதைக் கையால் மரையில் ஏற்றி, டார்க் ரெஞ்சில் முறுக்குவார்கள். சில வண்டிகளுக்கு 80 நியூட்டன் மீட்டர், சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் மூடி. புதுப் புல்லியோடு புது மூடியும் வரும். அது அழகுக்கு இல்லை. மண்ணும் தண்ணீரும் புகாமல் உள்ளே இருக்கும் கிரீஸைக் காப்பது அதுதான். மூடி இல்லாமல் ஓடும் புல்லிக்கு ஆயுள் குறைவு. எத்தனையோ பட்டறைகளில் அது தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆல்டர்நேட்டரே தேய்ந்திருந்தால் கதை வேறு, அதற்கும் தனி ருசி உண்டு. பெஞ்சில் வைத்து, முன்மூடிக்கும் பின்மூடிக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டு பிரிப்பார்கள். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேரவேண்டும். பிரித்ததும் நல்ல எலக்ட்ரீஷியன் முதலில் முகர்ந்து பார்ப்பார். ஸ்டேட்டர் காயிலின் வார்னிஷ் கருகியிருந்தால் மூக்கே சொல்லிவிடும். ரோட்டரின் இரண்டு பாதிகளிலிருந்தும் பெரும்பாலும் ஆறு ஆறாக இரும்பு விரல்கள் நீண்டு, தொடாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். ஷாஃப்டின் பின்முனையில் இரண்டு செம்பு வளையங்கள், அவைதான் ஸ்லிப் ரிங். கார்பன் பிரஷ் உரசி உரசி அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் மெல்லிசாகச் சீவிவிடலாம். பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்து, புதியதை இறக்கும்போது உள்வளையத்தில்தான் அழுத்தவேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் தடம் பதிந்து, புது பேரிங் முதல் நாளே முனகும்.

பின்மூடிக்குள் டயோடு பிளேட். ஸ்டேட்டரில் பிறப்பது மூன்று பேஸ் மாறுமின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் மின்சாரம். குறைந்தது ஆறு டயோடுகள் அதைச் செய்கின்றன. ஒவ்வொன்றையும் மீட்டரில் இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் விடவேண்டும், மறுபக்கம் தடுக்கவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் புல்லிக்குச் செய்ததும் இதே சோதனைதான். முன்னால் சுழற்சிக்கு ஒருவழிப்பாதை, பின்னால் மின்சாரத்துக்கு ஒருவழிப்பாதை. ஒரே ஷாஃப்டின் இரண்டு முனைகளில் ஒரே எண்ணத்தை இரும்பிலும் சிலிக்கானிலும் செய்துவைத்திருக்கிறார்கள்.

டீசல் கார்களுக்கே உரிய இன்னொரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் காற்றை அடைப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகி, அது பிரேக் பூஸ்டருக்கு உதவும். டீசலில் அப்படி அடைப்பு இல்லை, வெற்றிடமும் இல்லை. ஆகவே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். இண்டிகா, சுமோ, பொலேரோ போன்ற நம் ஊர் டீசல் வண்டிகளில் அந்தப் பம்பை ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே பூட்டினார்கள். இன்ஜின் ஆயில் மெல்லிய குழாய் வழியாக அதற்குப் போய்த் திரும்பும். அதன் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கி பிரஷ்ஷை நனைத்துவிடும். அப்போது பிரஷ்ஷை மட்டும் மாற்றி அனுப்புபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். இந்த வண்டிகளில் ஆல்டர்நேட்டர் மாற்றி முடித்ததும், பழுத்த எலக்ட்ரீஷியன்கள் விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் பிரேக் பெடலை மிதித்துப் பார்ப்பார்கள். பெடல் கல்லாக நின்றால் வண்டி வெளியே போகாது.

இந்த வகை ஆல்டர்நேட்டர்களில் பெரும்பங்கு சென்னைப் பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். தயாரிப்பு. பிரஷ் முதல் பேரிங் வரை தனித்தனியாகக் கடையில் கிடைக்கும் என்பதால் இதைப் பிரித்துப் பிரித்தே கைதேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பழைய பிரஷ்ஷைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

இவ்வளவு ரசித்தபின் ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். பழைய டைனமோ காலத்துப் பழக்கத்தில், ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் இருக்கா' என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், டயோடு, ரெகுலேட்டர், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதம்பார்த்துவிடும். மீட்டர் இருக்கும் காலத்தில் இதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, கிளட்ச் புல்லி விலை அதிகம் என்று அதன் இடத்தில் சாதா புல்லியைப் பூட்டி அனுப்புவது. வண்டி ஓடும், சார்ஜும் ஏறும், விளக்கும் அணையும். ஆனால் அந்த இருபத்தேழு உதையும் இனி பெல்ட்டுக்கும் டென்ஷனருக்கும்தான். மிச்சம் பிடித்த பணம் டென்ஷனர் பில்லில் திரும்பிப் போகும்.

ஆகவே புல்லி மாற்றச் சொல்லும்போது, போடுவது கிளட்ச் புல்லிதானா என்று கேளுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். புதியதன் முகத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.