நாய்க்கு இறைச்சி, குதிரைக்குப் புல்

கதையில் ஒரு கிழவர் வந்து வழி சொன்னால், ‘ஞானக்கிழவர் என்ற மூலப்படிமம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. யுங் இதற்குச் சௌகரியமான ஆள். தேவதைக் கதைகளைப் பற்றி 1940களில் எழுதிய கட்டுரையில் அவர் சொல்வது இது: நாயகன் தப்பமுடியாத நிலையில் சிக்குகிறான்; அவனுக்குத் தேவையான யோசனை அவனிடமிருந்தே வரவேண்டும், வரவில்லை; அது கிழவர் உருவெடுத்து எதிரே வந்து நிற்கிறது. ஆக, கிழவர் வெளியே இல்லை, மனசுக்குள் இருக்கிறார்.

துருக்கியக் கதைகளைப் படித்தபோது இந்தச் சௌகரியம் உறுத்த ஆரம்பித்தது. இக்னாஸ் கூனோஸ் என்ற ஹங்கேரியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜனங்களின் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்தவை இவை. 44 கதைகள் 1913ல் ஆங்கிலத்தில் வந்தன. இந்த மரபில் வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. பிள்ளையில்லாத பாதுஷாவுக்கு ஆப்பிள் கொடுக்கும் தர்வேஷ், வெண்தாடிப் பெரியவர், சாவே இல்லாத ஹிஸிர். எல்லோரும் யுங்கின் கிழவர்தான் என்று தோன்றும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தால் அப்படித் தோன்றாது.

தத்துவம் எதுவும் சொல்வதில்லை. ‘போகிற வழியில் குதிரைக்கு முன் இறைச்சியும் நாய்க்கு முன் புல்லும் கிடக்கும், மாற்றி வை. மூடிய கதவைத் திற, திறந்த கதவை மூடு.’ இவ்வளவுதான். பையன் அப்படியே செய்கிறான். தேடிவந்த பொருளை எடுத்துக்கொண்டு ஓடும்போது அரக்கன் பின்னாலிருந்து கத்துகிறான்: நாயே பிடி, கதவே மூடு. நாய் மறுக்கிறது. இத்தனை வருஷம் நீ எனக்குப் புல்லைப் போட்டாய், இவன்தான் இறைச்சி தந்தான் என்கிறது. கதவும் அப்படியே.

ஞானம் இங்கே யாரிடம் இருக்கிறது? கிழவரிடம் தகவல்தான் இருக்கிறது. நாயகனிடம் கீழ்ப்படிதல். நியாயம் எது என்று அறிந்து பேசுவது அநியாயத்தை அனுபவித்த நாய். எல்லாவற்றையும் நாயகனின் மனசுக்குள் போட்டு மூடினால், முதலில் காணாமல் போவது இந்த நாய்தான். பாத்திரம் யார் என்பதைவிட என்ன செய்கிறது என்று கேட்ட ப்ராப், 1928லேயே இதைவிடப் பயனுள்ள கேள்வியைக் கேட்டுவிட்டார்.

இன்னொரு வழிகாட்டி அரக்கனின் தாய். பையன் அவளை ‘அம்மா’ என்று அழைக்கிறான், சில கதைகளில் ஓடிப்போய்ப் பாலும் குடித்துவிடுகிறான். அப்படி அழைத்திராவிட்டால் உன்னைத் தின்றிருப்பேன் என்கிறாள். பிறகு தன் பிள்ளைகளிடமிருந்தே அவனை ஒளித்துவைத்து வழி சொல்கிறாள். இவளை எந்த ஞானக்கிழவர் பட்டியலில் சேர்ப்பது? அவள் ஞானி அல்ல. உறவுமுறை சொன்னவனுக்குக் கட்டுப்பட்டவள்.

இதன் மறுபக்கத்தை யஷார் கெமால் 1971ல் எழுதினார், ‘ஆயிரம் எருதுகளின் புராணம்’ என்ற நாவலில். மே 5 இரவு ஹிஸிரும் இலியாஸும் சந்திப்பார்கள், அந்தக் கணத்தைப் பார்த்தவன் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. குளிர்காலத்தில் கூடாரம் போட இடமில்லாத நாடோடிக் கூட்டம் காத்திருக்கிறது. சுக்குரோவா சமவெளி முழுக்க வயலாகிவிட்டது. எல்லோரும் நிலத்தையே கேட்கவேண்டும் என்று பேச்சு. ஆனால் அவரவருக்கு அவரவர் ஆசை. ஒரு சிறுவன் ராஜாளியைக் கேட்கிறான்.

ஹிஸிர் வராதது இங்கே துயரம் என்று எனக்குப் படவில்லை. வந்தாலும் எதை மாற்றி வைக்கச் சொல்வார்? நாயின் முன் கிடந்த புல்லை ஒரு பையன் தனியாக எடுத்து வைக்கலாம். ஒரு சமவெளியின் பட்டாக்களை அப்படி மாற்றமுடியாது. பழைய கதையின் வழிகாட்டி எந்த உலகத்தில் செல்லுபடியானார் என்பதை, அவர் செல்லாத உலகத்தைக் காட்டியே கெமால் சொல்லிவிடுகிறார். மனசுக்குள் இருக்கும் கிழவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர் எந்தக் காலத்திலும் செல்லுபடியாவார், அதனாலேயே எதையும் விளக்குவதில்லை.

மூலப்படிமம் என்ற சொல்லை நான் அடியோடு விட்டுவிடப் போவதில்லை. அதை எழுதுவதற்கு முன், கதையில் நாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.