டயருக்குள் கித்தாப்பால்

பின்சக்கரத்தில் 'உஸ்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் செம்பனை மட்டை முள் ஒன்று டயரில் நட்டுக்கொண்டு நிற்கிறது. பிடுங்கியதும் வெள்ளைப் பால் பீய்ச்சி அடித்தது. ஓட்டை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சத்தம் அடங்கிவிட்டது! பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தை ஒட்டிய செம்மண் பாதையில் தனியாக நின்று கைதட்டினேன்.

பெயரில்தான் தென்னை. மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது இந்தத் தோட்டத்தில்தான். 1917இல் ஹென்றி ஃபாகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிவைத்தார். அன்றிலிருந்து மட்டை வெட்டிப் போடாத நாளில்லை, பாதையில் முள் சிதறாத நாளுமில்லை. இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு பஞ்சர் என்றால் முதலில் இந்த முள்தான் நினைவுக்கு வரும்.

அந்த முள்ளை வென்றது எது தெரியுமா? கித்தாப்பால், அதாவது ரப்பர் மரத்துப் பால்! டியூபே இல்லாத டயர். ரிம்மில் நாடா ஒட்டி, உள்ளே நூறு மில்லி அளவுக்குப் பால் ஊற்றிவிடுகிறோம். முள் குத்தியதும் காற்று வெளியே பாயும்போது பாலையும் இழுத்து வரும். அதில் கலந்திருக்கும் நார்த்துணுக்குகள் ஓட்டையில் சிக்கிக்கொள்ள, பால் அங்கேயே உறைந்து அடைத்துவிடும். அம்மா ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் பால் வெட்டுக்கோட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்குமே, அதே வேலைதான். 1888இல் டன்லப் பெல்ஃபாஸ்ட்டில் காற்றடைத்த டயர் செய்தார். டயருக்கு ரப்பர் வேண்டும் என்றுதான் நம் தாத்தா பாட்டிகள் இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வடித்த பால் இன்று அதே டயருக்குக் காவல் நிற்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேண்டாம்.

நம் வெயிலுக்குப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

கல்லில் டயர் கிழிந்துவிட்டால் மட்டும் பாலால் முடியாது. அப்போது டியூப் மாட்ட வேண்டும், அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அப்பாவின் பழைய சைக்கிளில் அது அரை நாள் வேலை. இரண்டு நட்டு, மட்கார்டு கம்பி, கேரியர் கம்பி, ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் கழன்றால்தான் பின்சக்கரம் வெளியே வரும். அதனாலேயே அப்பா சக்கரத்தை அப்படியே விட்டு, டியூபை ஒரு பக்கமாக உருவி ஒட்டுப் போடுவார்.

இப்போது ஒரு நெம்புகோல் போதும்! பனியில் விரல் விறைத்து நட்டைத் திருக முடியாமல் தவித்த இத்தாலியப் பந்தய வீரர் டுலியோ கம்பன்யோலோ இதை வடிவமைத்தார் என்று கதை சொல்வார்கள். செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், பிரேக்கைத் தளர்த்துங்கள், நெம்புகோலைத் திறந்து கியர்க்கையைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். சக்கரம் தானாகவே கையில் விழும். திரும்ப மூடும்போது நெம்புகோல் அச்சுக்கு நேராக நீட்டி நிற்கும் நிலையிலேயே இறுகத் தொடங்க வேண்டும், மூடி முடித்தால் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள். புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். ஒளிந்திருக்கும் முள் துணியில் மாட்டும். இதைச் செய்யாமல் ஒரே காலையில் இரண்டு டியூப் இழந்திருக்கிறேன்.

முள் குத்திய அன்று புக்கிட் ரோத்தான் வழியாகக் கோலசிலாங்கூர் போய், மலாவாத்தி குன்றின் அடியில் தேத்தண்ணி குடித்து வீடு திரும்பும்வரை காற்று இறங்கவே இல்லை. பால் போத்தலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன். அமோனியா வாடை குப்பென்று வந்தது. அம்மா கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார்.

"பால் ஸ்டோர் வாடைடா, ஐயா" என்றார்.