ஆயுதமும் அதை ஏந்திய கையும்

அணு உலையொன்றின் குளிர்நீர்ப் பம்புகள் கட்டுமீறிச் சுழன்று வெடிக்கின்றன. காவலைக் கடந்து எவரும் உள்ளே வரவில்லை; கணினி வழியே வந்த கட்டளையே அழிவைச் செய்தது. மைக்கேல் மான் இயக்கத்தில் 2015-ல் வெளிவந்த ‘பிளாக்ஹேட்’ ஹாங்காங்கில் இவ்வாறு தொடங்குகிறது.

இத்தகைய படங்களில் நாயகன் விசைப்பலகையை நான்கு தட்டுத் தட்டினால் உலகமே திறந்துகொள்ளும். இதில் அந்தப் பிள்ளை விளையாட்டு குறைவு. மேலதிகாரி எழுதியதுபோல் நாயகன் ஒரு மடல் விடுக்கிறான். கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது மடல். அமெரிக்க உளவுத்துறை அதிகாரியே நம்பி ஏமாறுகிறார். பூட்டு உடைபடவில்லை, காவலரே திறந்துவிட்டார். இக்காட்சிக்காகவே படத்தை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் நம் மனம் ஒப்பாத இடம் ஒன்றுண்டு. ஈரானின் நதன்ஸ் நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல்பொறிகளைச் சிதைத்த ‘ஸ்டக்ஸ்நெட்’ 2010-ல் வெளிப்பட்டது. பொறிகளின் வேகத்தை மாற்றிவிட்டு, கண்காணித்தோருக்கு யாவும் சரியென்றே காட்டிய வஞ்சகம் அது. அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்த வேலை என்றே பரவலாக எழுதப்பட்டது. அதே வகை ஆயுதத்தைப் படம் எடுத்துக்கொள்கிறது. ஏந்திய கையை மட்டும் மாற்றிவிடுகிறது! இங்கே குற்றவாளி, மலேசியச் சுரங்கங்களை வெள்ளத்தில் மூழ்கடித்து வெள்ளீய விலையில் இலாபம் காணத் துடிக்கும் பேராசைக்காரன் ஒருவன். அவனைத் துரத்துவோரோ அமெரிக்க, சீன அரசுகளின் ஆட்கள். அரசுகளே இவ்வாயுதத்தை ஏந்துமாயின் யார் துரத்துவது? படம் அப்பக்கமே திரும்பவில்லை.

முடிவு ஜகார்த்தாவில், மத ஊர்வலமொன்றின் நடுவே. கணினியில் தொடங்கிய கதை திருப்புளிக் குத்தில் முடிவது வேடிக்கைதான். துப்பாக்கிச் சூட்டில் சிதறியோடும் அவ்வூர் மக்களோ, தீட்டிவைத்த திரைச்சீலை போலப் பின்னணியில் நிற்கின்றனர்.