கரையும் திருகுகளின் கணக்கு

முறிந்த எலும்பைச் சேர்க்க வைத்த உலோகத் தகட்டை வெளியே எடுக்க, பலருக்கு இன்னோர் ஆபரேஷன் தேவைப்படுகிறது. எலும்பு கூடியதும் தானே கரைந்துவிடும் திருகு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1980களிலேயே பாலிகிளைகாலிக் அமிலக் கம்பிகளைக் கணுக்கால் முறிவுக்கு வைக்கத் தொடங்கினார்கள்.

குறையும் அங்கேயே தெரிந்தது. ஓலே பொஸ்ட்மனும் சக மருத்துவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 516 நோயாளிகளில் 41 பேருக்கு, சராசரியாகப் பன்னிரண்டாம் வாரத்தில், காயம் ஆறிய தோல் திரும்பச் சிவந்து வீங்கியது. பார்த்தால் சீழ்க்கட்டி போலிருந்தது. ஆனால் சோதித்தால் கிருமி இல்லை.

இதை அலர்ஜிக் கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு வருவதுதான் உண்மையான ஒவ்வாமை: அது அயல் புரதம், உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும், தோலில் சிறிது செலுத்தி முன்பே சோதித்துவிடலாம். பாலிகிளைகாலிக் அமிலம் புரதமல்ல. உடலின் நீரில் அது சிதைகிறது. துணுக்குகளை விழுங்க மேக்ரோஃபேஜ் அணுக்கள் குவிகின்றன. சிதைவதை அப்புறப்படுத்தத் திசுவால் இயலாதபோது அழற்சி முற்றுகிறது. தோல் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. இரத்த ஓட்டம் குறைந்த இடமும், தொடக்ககாலக் கம்பிகளில் கலந்திருந்த குவினோன் சாயமும் ஆபத்தைக் கூட்டின. 'உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்றால், பொருளின் குறை நோயாளியின் தலையில் விழுகிறது.

மெதுவாகக் கரையும் பாலிலாக்டிக் அமிலம் மாற்றாக வந்தது. 2,528 பேரை ஆராய்ந்து பொஸ்ட்மன் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய பொருளுக்கு 5.3 விழுக்காடாக இருந்த எதிர்வினை, புதியதற்கு 0.2 விழுக்காடுதான். பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தச் சிறிய எண்ணை நான் முழுதாக நம்பமாட்டேன். நெதர்லாந்தில் கன்ன எலும்பு முறிவுக்கு இதே பொருளில் தகடு வைத்தவர்களில் சிலருக்கு, மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழித்து முகம் வீங்கியது. எஞ்சிய படிகத் துணுக்குகள் அப்போதும் திசுவில் இருந்தன. பொருள் கரைந்து முடியுமுன்பே கண்காணிப்பை முடித்துக்கொள்ளும் ஆய்வுக்கு இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

குழந்தைகளின் மண்டையோட்டு அறுவையில் நான் கரையும் தகட்டின் பக்கம். எலும்பு வளர வளர உலோகத் தகடு உள்நோக்கி நகர்ந்துவிடக்கூடும். பெரியவர்களின் கணுக்காலுக்கு அந்த அவசரம் இல்லை. அங்கே உலோகம் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வம்பில்லாமல் கிடக்கிறது.