தாவாத தலைவன்: பழம்பாணி விளையாட்டு ஒன்றின் நிறையும் குறையும்

1980களின் வீட்டுக் கணினிகளில் ஓடிய விளையாட்டுகளின் தோற்றத்தையும் ஓசையையும், அக்கணினிகள் வழக்கொழிந்து வெகுகாலம் கழித்து, வேண்டுமென்றே மீட்டெடுத்துப் புதிய விளையாட்டுகளைச் செய்யும் போக்கு 2000க்குப் பின் தனித்து இயங்கும் படைப்பாளிகளிடையே வலுப்பெற்றது. 'ரெட்ரோ' எனப்படும் இந்தப் பழம்பாணியில், அன்றைய படைப்பாளிக்கு நினைவகமும் வண்ணமும் போதாமல் நேர்ந்த எல்லைகள் இன்றைய படைப்பாளி தாமே விரும்பி ஏற்கும் விதிகளாகின்றன. எனவே இவ்வகைப் படைப்பொன்றை எடைபோடுகையில், பழையதில் அது எதை எடுத்துக்கொண்டது, எதைத் தள்ளியது, இரண்டுக்கும் காரணம் உண்டா என்ற கேள்விகளே முதலில் எழவேண்டும். பழையதை அச்சாக ஒத்திருக்கிறதா என்பது அவற்றுக்குப் பிறகு வரும் சிறு கேள்வி. அயர்லாந்தைச் சேர்ந்த டெர்ரி கவனா 2010 ஜனவரியில் வெளியிட்ட 'விவிவிவிவிவி' என்ற அறிவியல் புனைவு விளையாட்டு இந்த ஆய்வுக்கு ஏற்ற பொருள். பழமைக்காகப் பெரிதும் பாராட்டப்பட்ட அந்த விளையாட்டின் வலிமை, அது பழமையிலிருந்து துணிந்து விலகிய இடங்களில்தான் இருக்கிறது.

கதை மிகச் சிறியது. வேற்றுப் பரிமாணம் ஒன்றின் குறுக்கீட்டால் விண்கலம் பழுதுபட, தலைவர் விரிடியனும் ஐந்து உடன்பணியாளர்களும் திசைக்கொருவராகச் சிதறுகிறார்கள்; அந்த ஐவரையும் தேடி மீட்பதே விளையாடுபவரின் வேலை. ஆறு பேரின் பெயர்களும் ஆங்கிலத்தில் 'வி' என்ற எழுத்தில் தொடங்குகின்றன. ஆறு முறை அடுக்கிய அந்த எழுத்தே தலைப்பு. வடிவத்தால் இது 'பிளாட்ஃபார்மர்' வகை, அதாவது பக்கவாட்டில் காட்டப்படும் உலகில் ஒரு பாத்திரம் மேடைகளுக்கிடையே தாவியும் இடர்களைத் தவிர்த்தும் முன்னேறும் வகை. ஆனால் விரிடியனுக்குத் தாவத் தெரியாது. இடம், வலம் நகர்வதைத் தவிர அவரிடம் உள்ள ஒரே ஆற்றல் ஈர்ப்புவிசையின் திசையைத் தலைகீழாக்குவது. விசையை அழுத்தியதும் அவர் மேற்கூரையை நோக்கி 'விழுகிறார்', மீண்டும் அழுத்தினால் தரைக்கு விழுகிறார். காலுக்கடியில் ஒரு பரப்பு இருக்கும்போது மட்டுமே இது நடக்கும், நடுவானில் திசை மாற்ற முடியாது.

இந்தச் சிறிய தடையில்தான் விளையாட்டின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. தாவல் என்பது விளையாடுபவர் உயரத்தையும் வேகத்தையும் ஓரளவு அளந்து செலவிடக்கூடிய வளைவு. விசையை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதைக் குறைக்கவோ கூட்டவோ பல விளையாட்டுகள் இடம் தருகின்றன. தலைகீழாதலில் அப்படி அளப்பதற்கு ஒன்றுமில்லை. புறப்பட்டவர் எதிலாவது மோதும்வரை போய்க்கொண்டே இருப்பார், இடையில் செய்யக்கூடியது இடமோ வலமோ நகர்வது மட்டுமே. ஆகவே முடிவுகள் எல்லாம் காலைத் தூக்குமுன்பே எடுக்கப்பட வேண்டியவையாகி, கைவேகத்தைச் சோதிக்கும் விளையாட்டு போலத் தோன்றுவது உண்மையில் ஓர் அறையைப் பார்த்து வழியைப் படிக்கும் புதிராக மாறுகிறது. ஈர்ப்பைத் திருப்பும் எண்ணம் புதியதன்று; ஐரெம் நிறுவனம் 1991இல் நின்டெண்டோ கருவிக்கு வெளியிட்ட 'மெட்டல் ஸ்டார்ம்' ஏற்கெனவே அதைக் கையாண்டது. அதில் தாவலும் சுடுதலும் உடன் இருந்தன. கவனா அவ்விரண்டையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒன்றை வைத்தே மூன்று மணிநேரத்தை நிரப்பினார். தொட்டாலே திசை திருப்பிவிடும் கோடுகள், ஓர் ஓரத்தில் வெளியேறினால் மறு ஓரத்தில் கொண்டுவிடும் அறைகள், தானாக நகரும் கோபுரம் என ஒவ்வொரு பகுதியும் அதே வினையின் மீது ஒரு புதிய நிபந்தனையை மட்டும் சேர்க்கிறது.

பழம்பாணித் தோற்றம் இந்த இலக்கணத்துக்குச் செய்யும் உதவி பலர் எண்ணுவதைவிடப் பெரிது. கொமடோர் 64 என்ற 1982ஆம் ஆண்டுக் கணினியின் பதினாறு வண்ண உலகை நினைவூட்டும் படங்களில், கரும்பின்னணியின் மேல் ஒரே நிறச் சுவர்களும் கூரிய முட்களும் தெளிந்த விளிம்புகளோடு நிற்கின்றன. எது கொல்லும், எது தாங்கும் என்ற ஐயம் ஒரு நொடிகூட எழுவதில்லை. அறை அறையாகத் திரை மாறும் முறையும் அப்படித்தான். திரையை வழுவழுப்பாக நகர்த்துவதற்கு வன்பொருள் உதவி இல்லாத இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற கணினிகளில் அது தேவையால் பிறந்த ஏற்பாடு. இங்கே அதே ஏற்பாடு ஒவ்வொரு திரையையும் தொடக்கமும் முடிவும் உள்ள தனிச் சிக்கலாக்கி, முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டிய விளையாடுபவருக்குச் சிக்கலை முழுதாகக் கண்முன் வைக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் அடியில் ஒரு பெயரை எழுதுவது, மேத்யூ ஸ்மித் 1984இல் ஸ்பெக்ட்ரமுக்குச் செய்த 'ஜெட் செட் வில்லி'யிலும் காணப்படும் வழக்கம். இவ்விளையாட்டின் அறைப்பெயர்களைச் சூட்டியவர் 'குவாப்' விளையாட்டைச் செய்த பென்னட் ஃபாடி. கேலியும் சிலேடையும் கலந்த அப்பெயர்கள், வசனம் அதிகமில்லாத விளையாட்டில் ஒரு கதைசொல்லியின் குரலைப் போலத் தொடர்ந்து ஒலிக்கின்றன.

'ஜெட் செட் வில்லி'யை இங்கே குறிப்பிட வேறொரு காரணமும் உண்டு. அதில் இறந்துபோன வில்லி, அறைக்குள் நுழைந்த அதே புள்ளியில் அதே நிலையில் மீண்டும் தோன்றுவான். உயரத்திலிருந்து விழுந்தபடி நுழைந்திருந்தால், மீண்டும் விழுந்து மீண்டும் இறந்து, கையிருப்பில் உள்ள உயிர்கள் அனைத்தும் கண்ணெதிரே தீரும்வரை விளையாடுபவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எண்ணி வழங்கப்படும் உயிர்கள், அவை தீர்ந்தால் முதலிலிருந்து தொடக்கம் என்ற விதி, காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களின் வணிகத்தோடு வளர்ந்து, காசே போடத் தேவையில்லாத வீட்டுக் கணினிக்குள்ளும் குடியேறியது. கவனா அதை முற்றாக விட்டுவிட்டார். உயிர்களுக்கு எண்ணிக்கை இல்லை. அடுத்தடுத்து வைக்கப்பட்ட 'செக்பாயின்ட்' எனும் மீள்புள்ளிகளில், இறந்த மறுகணமே விரிடியன் எழுந்து நிற்கிறார். இறப்பின் தண்டனை, அவர் முகத்தில் ஒரு கணம் வந்துபோகும் வாட்டம் மட்டுமே. கடுமையை வேண்டாதவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், இறப்பையே நீக்கிவிடவும் அமைப்புப் பட்டியலில் வழியுண்டு. 1984இன் ஆடையை உடுத்திய இவ்விளையாட்டின் நடத்தை முழுக்க முழுக்க 2010க்கு உரியது. இந்த முரணே அதன் உயிர். விளையாடியவர்கள் நூற்றுக்கணக்கான முறை இறந்தும் அதை விட்டு நகராமல் இருந்ததற்குக் காரணம் பழமை மீதான ஏக்கத்தைக் காட்டிலும் இந்த உடனடி மீட்சியே எனக் கொள்ளலாம்.

மிகவும் பேசப்பட்ட ஒரு பகுதி இதை நன்கு விளக்கும். விளையாட்டில் விரும்பினால் மட்டும் எடுக்கக்கூடிய இருபது பளபளக்கும் பொருள்களில் ஒன்று, விரிடியன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, முழங்கால் உயரக் கட்டை ஒன்றுக்கு அப்பால் கிடக்கிறது. தாவத் தெரிந்த எந்தப் பாத்திரமும் சிறு முயற்சியில் எட்டிவிடும் தொலைவு அது. விரிடியனோ அந்தக் கட்டையைக் கடக்க, அடுக்கடுக்கான அறைகளினூடே முட்களை உரசாமல் மேலே விழுந்து, உச்சியில் திரும்பி, வந்த வழியே கட்டையின் மறுபுறமாகக் கீழே விழ வேண்டும். வழியில் மீள்புள்ளி எதுவுமில்லை. சீசர் சொன்னதாக வழங்கும் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்ற தொடரின் லத்தீன் சொற்கள் அந்த அறைகளின் பெயர்களாக ஏறும்போது ஒரு வரிசையிலும் இறங்கும்போது எதிர்வரிசையிலும் வருகின்றன. ஒரு வகைமையின் அடிப்படை வினையை நீக்கியதன் விலையை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு குறும்பாக வேறெந்த விளையாட்டும் காட்டியதாகச் சொல்வது கடினம். இது கட்டாயமாக்கப்பட்டிருந்தால் கொடுமையாகியிருக்கும். விருப்பத்துக்கு விடப்பட்டதால் சவாலாகிறது.

பழமையைக் கையாள வேறு வழிகளும் உண்டு. கேப்காம் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'மெகா மேன் 9', பழைய நின்டெண்டோ கருவியின் தோற்றத்தோடு எண்ணப்பட்ட உயிர்களையும் கடுமையையும் அப்படியே வைத்துக்கொண்டது. ஒரே கிடைவரிசையில் உருவங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பழைய கருவியில் ஏற்படும் மினுமினுப்பைக்கூட விரும்புவோர் வரவழைத்துக்கொள்ள அதில் ஒரு தெரிவு தரப்பட்டிருந்தது. பிழையையும் மரபாகப் போற்றும் இந்த முறையில் அன்பு இருக்கிறது, ஆராய்ச்சி இல்லை. தாமஸ் ஹேப் தனியொருவராகச் செய்து 2015இல் வெளியிட்ட 'ஆக்சியம் வெர்ஜ்' இதற்கு நேர்மாறாக, பழைய விளையாட்டுகளில் நினைவகம் குழம்பும்போது திரையில் தெறித்த சிதைந்த கட்டங்களையே ஓர் ஆயுதத்தின் விளைவாக்கி, எதிரிகளையும் சுவர்களையும் விளையாடுபவரே அவ்வாறு சிதைக்கலாம் என்று அமைத்தது. பிழை அங்கே கதையின் பொருளாகிவிடுகிறது. அந்த அளவுக்குக் கவனாவின் விளையாட்டு தன் பழமையைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அது பழமையைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவே.

காரணமின்றி வைத்துக்கொள்ளப்பட்ட பழமை இருக்கும் இடங்களில் குறைகளும் தெரிகின்றன. தனித்தனிப் பகுதிகளை இணைக்கும் பரந்த வரைபடம், சுதந்திரமாகத் திரியும் பழைய விளையாட்டுகளின் நினைவில் எழுந்தது. ஆனால் நெருக்கமாகக் கட்டப்பட்ட அறைகளுக்குப் பழகிய கண்ணுக்கு அதன் வெற்றிடங்கள் அலுப்பூட்டுகின்றன, எஞ்சிய பொருள்களைத் தேடித் திரும்பி அலைவது புதிர் எதையும் சேர்க்காமல் நேரத்தை மட்டும் சேர்க்கிறது. மீட்கப்பட்ட பணியாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் இடைப்பகுதியில், பின்தொடர்பவர் தலைவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே நகர்வதால், தன் இறப்புக்குத் தானே பொறுப்பு என்ற நேர்மை சற்றுக் குலைகிறது. விசையை விட்டபின்னும் விரிடியன் சிறிது சறுக்கியே நிற்பதால், குறுகிய மேடைகளில் சில இறப்புகள் முடிவின் தவறாகத் தோன்றாமல் காலின் தவறாகத் தோன்றும். கதையும் ஐவரை மீட்பதற்கான சாக்கு என்ற அளவைத் தாண்டுவதில்லை. பரிமாணத்தின் மர்மம் பேசப்படுகிறது, அறிவியல் புனைவுக்குரிய வியப்பாக வளர்வதில்லை.

தோற்றத்தின் நம்பகத்தன்மை பற்றிய குறை ஒன்றும் எழலாம். வண்ணங்களின் ஒளிர்வும் அசைவின் சீர்மையும் கொமடோர் 64 கணினியில் அப்படியே இயலாதவை. ஸ்வீடனைச் சேர்ந்த மேக்னஸ் போல்சன், 'சோல்ஐ' என்ற புனைபெயரில் அமைத்த துடிப்பான இசையும் மூன்று குரல்கள் மட்டுமே கொண்ட அக்கணினியின் ஒலிச்சில்லுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. ஆயினும் இதைக் குறையென்று கொள்வது தொல்பொருள் காப்பாளரின் அளவுகோலைப் படைப்பின்மேல் வைப்பதாகும். சில நொடிகளுக்கு ஒருமுறை இறந்து எழுபவரைச் சலிப்பின்றி முன்தள்ளுவது அந்த இசைதான். இறப்பின்போது பாட்டு நிற்காமல் தொடர்வதால், தோல்வி இடைவெளியாக உணரப்படாமல் தாளத்தின் ஓர் அடியாகவே கழிந்துவிடுகிறது. 'பிபிபிபிபிபி' என்ற பெயரில் அது தனித் தொகுப்பாகவும் வெளிவந்தது.

விமரிசகர்கள் விளையாட்டைப் பொதுவாக மனமுவந்து வரவேற்றனர். அறைகளின் அமைப்பும் இசையும் மீள்புள்ளிகளின் தாராளமும் மீண்டும் மீண்டும் பாராட்டப்பட்டன. எதிர்ப்புக் குரல் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தது: 15 டாலர் விலை. இரண்டு மூன்று மணியில் முடிந்துவிடும், இருபத்தைந்து ஆண்டுப் பழமையான தோற்றமுடைய ஒன்றுக்கு இது மிகுதி என்ற முறையீட்டை, விளையாட்டைப் புகழ்ந்தவர்களே எழுப்பினர். பின்னர் விலை 5 டாலராகக் குறைக்கப்பட்டது. விரும்பிய தொகை கொடுத்து வாங்கும் 'ஹம்பிள்' தொகுப்பு ஒன்றிலும் 2011இல் இடம்பெற்று மிகப் பலரைச் சென்றடைந்தது. அதே ஆண்டு நின்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கும் மாற்றப்பட்டது.

அந்த முறையீட்டில் நியாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நீளத்துக்குப் பணம் தரும் பழக்கத்தை விளையாட்டுத் தொழிலே வளர்த்தது. ஆனால் அந்த முறையீடு பிக்சலின் பருமனைக் கொண்டு உழைப்பை அளந்தது. பிறந்து பத்தாண்டு நிறைந்த 2020 ஜனவரியில் கவனா விளையாட்டின் மூலநிரலைப் பொதுப்பார்வைக்கு வெளியிட்டபோது, நூற்றுக்கணக்கான நிலைகளை ஒரே செயற்கூற்றுக்குள் அடுக்கிய அதன் ஒழுங்கின்மை நிரலாளர்களிடையே சிரிப்பையும் நெகிழ்ச்சியையும் ஒருங்கே எழுப்பியது. அது நிரலையும் படங்களையும் தனியாளாகவே செய்தவரின் கைவேலை; சிக்கனமான தோற்றம் அவருக்குப் படம் வரையும் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. மிச்சமான நேரம் போய்ச் சேர்ந்த இடம், ஒன்றைப்போல் ஒன்று இல்லாத அந்த அறைகளின் முட்களும் இடைவெளிகளும். 15 டாலரை மிகுதி என்றவர்களின் கணக்கில் அந்த நேரம் ஏறவே இல்லை.