எதிரி பார்த்த சுவர்

பி.ஏ. வகுப்பில் ஜூலியஸ் ஸீஸர் எனக்கு ஷேக்ஸ்பியரின் பாத்திரமாகத்தான் அறிமுகம். அவன் ஒரு உரைநடைக்காரனும்கூட என்பது பிற்பாடுதான் தெரிந்தது, அவனுடைய கௌல் யுத்தக் குறிப்புகள் நடைபாதைக் கடை ஒன்றில் ஆங்கிலத்தில் அகப்பட்டபோது. தன்னைப் படர்க்கையில் நிறுத்தி எழுதுகிறான். ஸீஸர் வந்தான், ஸீஸர் உத்தரவிட்டான் என்று யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல. அலங்காரமில்லை, பதற்றமில்லை. விமர்சகனுக்கு வேண்டிய உரைநடை இதுதான் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். சென்ற கோடையில் பிரான்ஸில் பிப்ராக்த் மலைக்குப் போய்வந்த பிறகு அந்த வாதத்தை அதே நிச்சயத்தோடு எடுத்துவைக்க முடியவில்லை.

பர்கண்டியின் மொர்வான் காடுகளில் 821 மீட்டர் உயரமுள்ள மோன் பெவ்ரே மலை. அதன் மேல், ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள், ஏடுயி என்ற கௌல் இனத்தாரின் தலைநகரம் இருந்தது. நெடுங்காலம் ரோமுக்கு நண்பர்கள், கி.மு. 52இல் மாறி நின்றார்கள். வெர்சிங்கெடொரிக்ஸைக் கௌல் படைகளின் தலைவனாக உறுதிசெய்த சபை இங்கேதான் கூடியது. அதே வருஷம் அலேஸியாவில் அவன் சரணடைந்தான். குளிர்காலத்துக்கு ஸீஸர் தேர்ந்துகொண்டதும் இதே ஊர்தான். புத்தகத்தை அப்போதுதான் எழுதினான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். தோற்றவர்களின் ஊரில் குளிர்காய்ந்துகொண்டு அவர்களைப் பற்றிய புத்தகம்! ஓரிரண்டு தலைமுறைக்குள் ஊர், அகஸ்டஸின் பெயர் தாங்கிய புது நகரத்துக்கு, இன்றைய ஓதனுக்கு, இறங்கிப் போய்விட்டது. மலையைப் பீச் மரங்கள் எடுத்துக்கொண்டன.

அக்கா குடும்பம் லியோனில் இருக்கிறது. அத்தான்தான் காரில் அழைத்துப்போனார். "இந்தக் கல்லைப் பாக்கவா மாப்ளே லீவு போட்டு வந்தே?" என்றார். நியாயமான கேள்வி.

நகர வாசலில் மதிலின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய உத்தரங்கள், இடையே மண்ணும் கல்லும், முகப்பில் கல் வரிசை, கல்லுக்கு நடுவே சீரான இடைவெளியில் உத்தரங்களின் தலைகள். இந்தவகைச் சுவரை ஸீஸர் ஏழாவது புத்தகத்தில் விவரிக்கிறான். கல் தீயைத் தாங்கும், மரம் இடியைத் தாங்கும் என்று காரணமும் தருகிறான். முற்றுகைக் கதையை நிறுத்திவைத்து, பார்வைக்கும் இந்த வேலை விகாரமில்லை என்கிறான். எதிரியின் கைவேலைக்கு அவன் தந்த இந்தப் பாராட்டை நம் பத்திரிகைகளில் சக கவிஞனுக்குக்கூடத் தர மாட்டார்கள்.

ஆனால் ஆணியைச் சொல்லவில்லை. உத்தரங்கள் உள்ளே பிணைந்திருப்பதைச் சொல்கிறவன், எதனால் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறான். பிப்ராக்த் மதிலில் உத்தரங்கள் சந்திக்கிற இடங்களில் ஒரு சாண் நீள இரும்பு ஆணி அறைந்திருக்கிறார்கள். மரம் மக்கிப்போயிற்று, ஆணிகள் மண்ணுக்குள் அந்தந்த இடத்திலேயே நின்றுவிட்டன. தோண்டியவர்களுக்கு அடுக்கைக் காட்டிக்கொடுத்தவை அவைதான். ஸீஸர் பொய் சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே நின்று பார்த்தான், பார்த்ததை நன்றாகவே பார்த்தான்.

மியூஸியம் மலைச்சரிவில். 1867இல் இங்கே தோண்டத் தொடங்கிய புலியோ, ஓதன் ஊர் மது வியாபாரி. 1895 வரை விடவில்லை. மண்ணுக்குள்ளிருந்து ஏராளமாக வந்தவை இத்தாலிய மது ஜாடிகள்! லெட்ஜருக்கு நடுவே விமர்சனம் எழுதுகிறவனுக்கு இந்தக் கொடுப்பினையில் பொறாமை வந்தது. அரிக்கமேட்டிலும் மத்தியதரைக் கடல் மது ஜாடிகள் உண்டு. 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதற்கு முன் வட பிரான்ஸின் மலைக்கோட்டைகளை ஆராய்ந்தவர். நமக்கு ஜாடியும் கிடைத்தது, யவன மதுவைச் சொல்லும் புறப்பாட்டும் கிடைத்தது. இவர்களுக்கு ஜாடி மட்டும். துரூயிதுகள் தங்கள் பாட்டுக்களை எழுதிவைப்பது தகாது என்று நினைத்தார்கள், சிலர் 20 வருஷம்வரை மனப்பாடம் செய்தார்கள். கணக்கு வழக்குக்கு மட்டும் கிரேக்க எழுத்து. (குமாஸ்தா எழுதலாம், கவி எழுதக் கூடாது.) இதைச் சொல்வதற்கும் ஸீஸர்தான் வேண்டியிருக்கிறது.

அலேஸியாவில் 1865இல் வைத்த வெர்சிங்கெடொரிக்ஸ் சிலையின் முகத்தில் மூன்றாம் நெப்போலியனின் சாயல். படம்தான் பார்த்திருக்கிறேன். நம் சரித்திர நாவல் அட்டை போலிருக்கிறது. பிப்ராக்த் மியூஸியம் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. ஆணியை ஆணியாக வைத்திருக்கிறது.

ஆணிகளின் முன் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மதிப்புரை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுப்பைப் பற்றி எழுதினேன். முகப்பு சீராக இருக்கிறது, உள்ளே பிடிமானம் ஒன்றுமில்லை என்பது என் முடிவு. நிரூபிக்க நான்கு வரிகளை எடுத்துப்போட்டேன். நிதானமான உரைநடை, 'நான்' என்று ஒரு இடத்திலும் வராது. அவர் இரண்டாவது தொகுப்பு போடவில்லை. போன வருஷம் இறந்துபோனார். ஊர் திரும்பியதும் புத்தகத்தைத் தேடினேன். நான் போன இரண்டு நூலகங்களில் இல்லை, அச்சிட்டவரிடம் இல்லை. என் பிரதி வீடு மாற்றியபோது பழைய பேப்பரோடு போயிருக்க வேண்டும். மதிப்புரை மட்டும் என் கோப்பில் இருக்கிறது, அந்த நான்கு வரிகளோடு.

தொகுப்பு முந்நூறு பிரதிகள் அச்சானது. பச்சை அட்டை, 64 பக்கம். என் மதிப்புரை இதே பத்திரிகையில் வந்ததால் கவிஞர் யார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரதி வைத்திருப்பவர்கள் ஆசிரியர் முகவரிக்கு எழுதவும். படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.