காரீயக் குண்டுக்குப் பொடிப்பூச்சு: ஒரு மதிப்பீடு

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே பூசப்படுவது வெள்ளீயம். உணவு பித்தளையைத் தொடாதபடி அது காக்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு வேலையை அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். காரீயத்தை உருக்கி அச்சில் வார்த்துக் குண்டுகளாக்கி, அவற்றின்மேல் வண்ணப் பிளாஸ்டிக் பொடியைப் பூசிச் சூடேற்றுகிறார்கள். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான குண்டுகளுக்குப் பூசுவதும் உண்டு.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே செய்முறை நமக்குத் தேவையில்லை. ஆனால் இம்முறையின் ஆதரவாளர்கள் சொல்லும் மூன்று கூற்றுகள் இயற்பியல் மாணவர் எடைபோட்டுப் பார்க்கத் தக்கவை.

'நிலைமின்சாரம் பொடியை ஒட்டவைக்கிறது' என்பது முதற்கூற்று. இது சரிதான், ஆனால் பாதி விளக்கமே. குண்டுகளையும் பொடியையும் சிறு பிளாஸ்டிக் மணிகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கும்போது, உராய்வினால் பொடித்துகள்கள் மின்னேற்றம் பெறுகின்றன. அத்தகைய துகள் ஒன்று காரீயத்தை நெருங்கியதும், கடத்தியாகிய அந்த உலோகத்தின் பரப்பில் எதிர்வகை மின்னேற்றம் தூண்டப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கவர்கின்றன. பொடி கடத்தாப் பொருளாதலால் தன் மின்னேற்றத்தை எளிதில் இழப்பதில்லை. முன்னர் படிந்த துகள்கள் பின்னர் வருவனவற்றை விலக்குவதால், பூச்சின் பருமனும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்துவிடும். மழைநாளில் பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் கைத்திறனைக் குறை சொல்வதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கூற்று: '200 டிகிரி செல்சியசில் 20 நிமிடம் வைத்தால் போதும்.' எதன் வெப்பநிலை 200 டிகிரி? அடுப்புக் காற்றினதா, உலோகத்தினதா? ஒவ்வொன்றும் 8 கிராம் எடையுள்ள 500 குண்டுகள் என்று கொள்வோம். மொத்தம் 4 கிலோகிராம். காரீயத்தின் தன்வெப்பம் கிராமுக்கு 0.13 ஜூல். அதை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 88 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1,000 வாட் அடுப்பு இதை ஒன்றரை நிமிடத்தில் தந்துவிடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் சூடான காற்றிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் மெதுவாகவே செல்கிறது. குண்டுகளைக் குவியலாகக் கொட்டியிருந்தால் நடுவிலுள்ளவை மேலும் பின்தங்கும். உலோகம் 200 டிகிரியை அடைந்த பிறகே 20 நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். பத்துக் குண்டுகளுக்குப் பொருந்திய குறிப்பு ஐந்நூறு குண்டுகளுக்குத் தவறிப்போவது இதனால்தான். அடுப்பின் சூட்டைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்றால், அதிலும் இடருண்டு. தூய காரீயம் 327 டிகிரியில் உருகும். ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த காரீயமோ 240 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கலாம்.

'பூசிவிட்டால் ஈய நஞ்சைப் பற்றிய கவலையில்லை' என்னும் மூன்றாவது கூற்றே மிகவும் கவனத்துக்குரியது. பூசிய குண்டைத் தொட்டால் விரலில் காரீயம் ஒட்டுவதில்லை. துப்பாக்கிக் குழலில் காரீயம் படிவது குறைகிறது. பழைய மெழுகுப் பூச்சின் புகையும் இல்லை. இவை உண்மையான நன்மைகளே. ஆனால் பூச்சு ஏறுவதற்கு முன்பே உருக்குதலும் கசடு வாருதலும் வார்த்தலும் முடிந்துவிடுகின்றன அல்லவா?

உருகிய காரீயத்தின் ஆவியைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். வளிமண்டல அழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். காரீயத்தின் ஆவியழுத்தம் ஒரே ஒரு பாஸ்கலை எட்டவே 705 டிகிரி வேண்டும். வார்ப்பு நடப்பதோ 400 டிகிரியை ஒட்டி. ஆகவே ஆவி மிக அற்பம். அஞ்ச வேண்டியது மேலே மிதக்கும் சாம்பல்நிறக் கசட்டைத்தான். அதில் ஈய ஆக்சைடு தூளாக இருக்கிறது. வாரும்போது அது பறந்து கையிலும் உடையிலும் தரையிலும் படிகிறது. அங்கிருந்து வாய்க்குப் போகிறது. வார்க்கும் குண்டுகள் பெருகப் பெருகக் கசடும் பெருகும். சுடும்போதும் கவலை தீர்வதில்லை. பல தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் மூடியிலேயே ஈயச் சேர்மம் இருக்கிறது. குண்டின்மேல் பூசிய பூச்சு அதை எப்படித் தடுக்கும்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிறுவர் இரத்தத்தில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் சுமார் ஒரு லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தம் முழுவதிலும் 35 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே எச்சரிக்கை அளவு வந்துவிடும். 8 கிராம் குண்டு ஒன்றின் எடை அதைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல்!

பூச்சு குண்டையும் குழலையும் காக்கிறது. தொடும் விரலையும் ஓரளவு காக்கிறது. வார்ப்பவரையும் அவர் வீட்டுத் தரையில் தவழும் குழந்தையையும் காப்பது வேறு: வீட்டுக்கு வெளியே தனியிடம், தூள் பறக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், கைகழுவி உடைமாற்றுதல், சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்தாமை. எந்தப் பொருளையாவது 'பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால், யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை தராத பாராட்டு அறிவியல் ஆகாது.